அவர் நம்பரிலிருந்து போன என் குரல்

என் சொந்தங்களே, நான் ஆம்பூர் எஸ்தர். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். நோய் தீர்ந்த சாட்சி என்று நினைத்துக் கேட்காதீர்கள். பொறாமை பிடித்த ஒரு மனுஷியை ஆண்டவர் எப்படித் திரும்பக் கூட்டிவந்தார் என்றுதான் சொல்லப்போகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே வார்டில், இரண்டு கட்டில் தள்ளி, பேரணாம்பட்டு ரூபியின் வீட்டுக்காரர் சாமுவேல். அவருக்கும் நுரையீரல்தான். நாங்கள் நாலு பேரும் ஒரே வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் இருந்தோம். தினமும் காலை ஐந்து மணிக்கு, முறை வைத்து ஒருவர், பட்டியலில் உள்ள பெயர்களைச் சொல்லி வாய்ஸில் ஜெபிப்பார். மற்றவர்கள் கேட்டுவிட்டு ஆமென் போடுவோம். பட்டியலில் ஆறாவது பெயர் தேவராஜ். ஏழாவது சாமுவேல். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஜெபித்தார்கள்.

சாமுவேல் நடந்து வீட்டுக்குப் போனார். என்னவரை முகத்தை மூடித்தான் கொண்டுவந்தேன்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள், ரூபி ஒரு போட்டோ போட்டாள். சாமுவேல் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, இட்லி சாப்பிடுகிறார். 'ஆண்டவர் நம் ஜெபத்தைக் கேட்டார்' என்று எழுதியிருந்தாள். கீழே வரிசையாக ஆமென். நம் ஜெபமாம்! அப்படியென்றால் என் ஜெபம் எங்கே போனது? அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியேறினேன்.

வெளியேறியது என் நம்பர்தான். என் வீட்டுக்காரர் நம்பர் அங்கேயே இருந்தது. அவர் போனுக்கு ரீசார்ஜ் பண்ணி, சார்ஜ் போட்டு, ரூபி இன்றைக்கு என்ன போட்டிருக்கிறாள் என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. சபையில் இருவரும். ஏலகிரியில் இருவரும். போட்டோவைப் பெரிதாக்கி, அவள் தோள்மேல் கிடக்கிற சாமுவேலின் கையைப் பார்ப்பேன். வயிறு எரியும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

சாமுவேல் சாக வேண்டும் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்குத் திரும்பவும் இருமல் என்று குழுவில் வந்த அன்றைக்கு, பல நாள் கழித்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவும்போதுதான் அது உறைத்தது. பயந்துபோனேன். அங்கேயே முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, இந்தப் பொறாமையை எடுத்துப்போடும். முடியாவிட்டால் அவளையாவது என் கண்ணிலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் என் தோழி ஷமீமா. என் வீட்டுக்காரர் போன் என் கையில்.

"இன்னா எஸ்தரு, சோறு ஆறுது. போன்ல அப்படி இன்னா பாக்கற?"

"இவள பாரு ஷமீமா. புருஷன் பொழச்சிட்டான்னு ஊருக்கே தண்டோரா போடறா. அவன் பீடி பீடியா ஊதனவன். எங்காளு ஒரு பீடி தொட்டிருப்பாரா? இவ கூப்ட்டா மட்டும் கடவுளுக்குக் காது கேக்குதா?"

"மெதுவா பேசுடி. ஐயோ, உன் கட்டவிரல் எங்க இருக்கு பாரு!"

குழுவின் மைக் பட்டன் மேல் இருந்தது. பதறி விரலை எடுத்தேன். எடுத்ததும் பேசியதெல்லாம் குழுவுக்குப் போய்விட்டது.

"அழிடி, அழி!" என்றாள் ஷமீமா. அவசரத்தில் அழித்தேன். எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! உனக்கு மட்டும் அழிச்சிட்ட. மத்தவங்க எல்லார்கிட்டயும் இருக்கு."

செத்துப்போன மனுஷன் நம்பர். அவர் சிரிக்கிற படம். அதிலிருந்து என் குரல். அட்மின் அண்ணன் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டார். இனி எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பேன்? எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் வரும்போது அவர் போன் அடித்தது. ரூபி.

"அக்கா, கேட்டேன்கா."

ஆட்டோ சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவரும் கேட்டாரு. பீடி விஷயம் கரெக்டுதான்னாரு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மன்னிச்சிடு ரூபி" என்றேன்.

"விடுங்கக்கா. அண்ணன் நம்பர்ல நீங்கதான் பாக்கறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அட்மின் அண்ணன் அந்த நம்பர எடுத்துடறேன்னாரு. நான்தான் வேணாம்னு கெஞ்சினேன். அக்கா அது வழியாதான் நம்மகூட இருக்காங்கன்னு சொன்னேன்."

"நான் பாக்கறது தெரிஞ்சும் எதுக்குடி அத்தன போட்டோ போட்ட?"

"நீங்க பாக்கறீங்கன்னுதான்கா போட்டேன். ஆஸ்பத்திரில ஒரு நாள் நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க. அண்ணன் மூஞ்சில மாஸ்க். பேச முடியல. என்னைக் கைய ஆட்டிக் கூப்ட்டு, எங்க வீட்டுக்காரர் கட்டிலக் காட்டி, கைய கூப்பிக் கண்ண மூடினாரு. தனக்குக் கேக்கலக்கா, இவருக்குக் கேட்டாரு. அண்ணன் கேட்டது கெடச்சிருச்சுன்னு நீங்க பாத்தா மனசு ஆறும்னு நெனச்சேன். புத்தி கெட்டவ நான். வாயத் திறந்து சொல்லி இருக்கணும்."

எனக்குத் தெரியாது, சொந்தங்களே. அத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. ரூபியின் ஜெபம் ஜெயித்தது, என் ஜெபம் தோற்றது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்கப்பட்ட ஜெபம் என் வீட்டுக்காரருடையது. அவளை என் கண்ணிலிருந்து எடுத்துப்போடச் சொன்னேன். ஆண்டவர் அவளைக் கொண்டுவந்து என் காதில் பேச வைத்தார்.

அன்றைக்கே என் சொந்த நம்பரில் குழுவுக்குத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. அடுத்த வாரம் காலை ஜெபம் என் முறை. சாமுவேலின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். இரண்டு தடவை பதிவு பண்ணி அழித்தேன். மூன்றாவது தடவை, "இந்தத் தம்பிக்கு நீண்ட ஆயுசைக் கொடும். என் தேவராஜ் கேட்டது இது" என்று சொல்லி முடித்தேன். அன்றுதான் அவர் போன பிறகு முதல் தடவையாக என் வாயால் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

எரிச்சல் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வரும். வந்தால் ரூபியிடமே சொல்லிவிடுகிறேன். அவள், "சரிக்கா, வாங்க ஜெபிக்கலாம்" என்கிறாள்.

துக்கத்தில் ஜெபக் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போன சகோதரியே, சகோதரனே, மனசு சுத்தமான பிறகு வருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். கோபத்தோடு வாருங்கள். பொறாமையோடு வாருங்கள். என்னை ஆண்டவர் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். நீங்கள் வந்து உட்காரும்வரை உங்கள் பெயரை நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம்.