சுண்ணாம்புக்கு ஊற்றிய தண்ணீர்

அறுபதுகளின் நடுவில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஏப்ரல் விடுமுறையில், போர்ட் பிளேரிலிருந்து நாங்கள் இருபத்திரண்டு மாணவர்கள் நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் பக்கம் போனோம். காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேறிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வெள்ளையடிப்பது, பிறகு பின்னாலுள்ள மலையில் ஏறி ஒரு நாள் கூடாரம் அடித்துத் தங்குவது. இதுதான் திட்டம். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஓர் ஆசிரியையும் கூட வருகிறார் என்று தெரிந்த பிறகே பெண்பிள்ளையான என்னை அனுப்பச் சம்மதித்தார்.

எங்கள் குழுவுக்குத் தலைவன் என் வகுப்பு மாணவன். மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம். தமிழில் பாதி ஹிந்தி கலந்திருக்கும். பட்டியல் போடுவது என் பொறுப்பு. அரிசி, பருப்பு, அரிக்கேன் விளக்கு, கயிறு, டிங்சர், பிரஷ், இரண்டு மூட்டை சுண்ணாம்பு என்று நான்கு பக்கம் எழுதினேன். அவன் படித்துப் பார்த்து, "ஏக்தம் பக்கா. இதுல ஒண்ணும் விட்டுப்போகல," என்றான். எங்களை அழைத்துப்போகும் உடற்பயிற்சி ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடியலில் படகு ஏறி, மதியம் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். முப்பது குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலும் வங்காளிகள், ஏழெட்டுத் தமிழ் வீடுகள், தென்னாற்காட்டிலிருந்து வந்தவர்கள். மூங்கில் தட்டியில் மண் பூசிய ஒற்றை அறைதான் பள்ளி. எங்கள் சமையலுக்கு உதவ ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். கணவர் மரம் வெட்டும் முகாமில் தூரத்தில் இருந்தார். அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

மறுநாள் காலை பாதியாக வெட்டிய டிரம்மில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். அது கொதித்து, ஊற்ற ஊற்றக் குடித்தது. அடுப்படியில் இருந்த குடங்களெல்லாம் காலியாயின.

"அக்கா, இன்னும் நாலு குடம் வேணும்."

"இன்னுமா?" என்று கேட்டு அவர் கொஞ்சம் நின்றார். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் குழாய் இருந்தது. தண்ணீரைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே கிடையாது.

நாங்கள் பாடிக்கொண்டே அடித்தோம். ஒரு சுவர் முடிந்து இரண்டாவது பாதியில் இருந்தபோது வங்காளி அம்மா ஒருவர் ஓடி வந்தார். "கிர் கயா! பானி கா ஜகா மே கிர் கயா!"

தண்ணீர் எடுக்கும் இடத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று தலைவன் சொன்னதும் எல்லோரும் ஓடினோம். செங்குத்தான களிமண் சரிவு. காலை ஊன்ற ஆங்காங்கே குழிகள். கீழே வறண்ட ஓடையில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய ஒரு ஊற்று. அதில் கசியும் தண்ணீரைச் சிரட்டையால்தான் மொள்ள முடியும். ஒரு குடம் நிறையக் கால்மணி நேரம் ஆகுமாம். அக்கா அடியில் உட்கார்ந்திருந்தார். குடம் உடைந்து கிடந்தது. வலது மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது.

நான் இறங்கிப் போய் அவர் தோளைப் பிடித்தேன். அவர் என் கையில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"தண்ணி அதுக்கா கேட்டீங்க?"

"ஆமாக்கா."

"புள்ளைங்க வெயில்ல வேலை செய்யுதுங்க, குடிக்கக் கேக்குதுங்கன்னு நெனச்சேன்." அதில் கோபம் இல்லை. உடைந்த குடத்தைப் பார்த்து, "மழை வர்ற வரைக்கும் இந்த ஊருக்கே இதான் தண்ணி," என்றார்.

நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் அவரை உட்காரவைத்து, ஆறு பேர் மாறி மாறிச் சுமந்து ரங்கத் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் கூடப் போனார். தலைவன் மட்டும் முழுத் தூரமும் யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவே இல்லை. திரும்பி வந்தபோது அவன் சட்டை தோளோடு கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"மலைக்கு வேணாம். அந்தச் சரிவுல படி வெட்டலாம்," என்றான்.

"வெள்ளையடிச்சது பாதியில நிக்குதே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நிக்கட்டும்."

மண்வெட்டியோடு போய் அக்கா விழுந்த இடத்திலேயே வெட்டத் தொடங்கினோம். வங்காளி அம்மா வந்து தடுத்தார். மழையில் வெள்ளம் அந்த வழியாகத்தான் இறங்கும், ஒரே வாரத்தில் அடித்துப் போய்விடும் என்று கையைக் காட்டிச் சொன்னார். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டோம். பெண்கள் ஐந்தாறு பேர் கூடித் தங்களுக்குள் வாதாடி, பத்து அடி தள்ளி ஒரு பாறை ஓரத்தைக் காட்டினார்கள். அந்த ஊரில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான். மிச்சமிருந்த இரண்டு நாளும் அங்கே படி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மரத்துண்டு பதித்து முளையடித்தோம். ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டினோம். சமையலுக்குத் தேவையான தண்ணீரை நாங்களே இறங்கி மொண்டோம். யாரும் குளிக்கவில்லை.

பள்ளி திறந்ததும் பயணத்தைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். படி கட்டியதை மட்டும் எழுதியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நானும் தலைவனும் உட்கார்ந்து மூன்று முறை அப்படித்தான் எழுதிக் கிழித்தோம். கடைசியில் நான் தண்ணீர் கேட்டதையும் எழுதினேன். வாசித்து முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அடுத்த வருடம் போன குழுவில் இரண்டு பேர் ஒரு மாதம் முன்பே போய், என்ன வேண்டும் என்று ஊரில் கேட்டு வந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை ரங்கத்துக்கு மாற்றலாகிப் போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த ஊருக்கு நடந்தேன். அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது.

"மாவு பெசைய வராது. மத்தபடி எடது கையில எல்லாம் பழகிப்போச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். சொல்ல வாயெடுத்ததும் அழுகை வந்துவிட்டது.

"விழுந்தது நானு. நீ ஏன் அழுவுற?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கோணல் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.