சுவர் நொண்டிய வீடியோ

“புள்ள நொண்டலை. உன் கைதான் ஆடுது.”

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் தினமும் வாசிக்கப்படும் தீர்ப்பு இது. வாசிப்பவர் என் கணவர். அரியலூரில் சிமென்ட் ஆலையில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே வேலைதான்.

எங்கள் ஹரிணிக்கு இரண்டரை வயது. நடக்கும்போது இடது பக்கம் சாய்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். லேசாகத்தான். ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. என்னைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே... கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிறவள். அதனால் என்னையே நான் நம்பவில்லை.

அத்தையிடம் சொன்னேன். “ரெண்டு வயசுப் புள்ள தத்தித் தத்திதான் நடக்கும். நீ உத்து உத்துப் பாக்காத, கண்ணு பட்டுடும்” என்று ஹரிணியின் நெற்றியில் இருந்த கறுப்புப் பொட்டை இன்னும் பெரிதாக்கிவிட்டார்.

பெரம்பலூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவரைப் பார்த்ததும் ஹரிணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள்தான், தரையில் கால் வைக்கவே இல்லை. தொட்டால் அலறல். “வீட்ல நடக்கறப்ப ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேமராவை இரவல் வாங்கினேன். கொல்லையில் பின்சுவரிலிருந்து ஹரிணி என்னை நோக்கி நடந்து வர, நான் பின்பக்கமாகவே நடந்துகொண்டு எடுத்தேன். போட்டுப் பார்த்தால்... பூகம்பம்! குழந்தை ஆடுகிறாள், சுவர் ஆடுகிறது, சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாய் ஆடுகிறது. இதில் எது யாருடைய ஆட்டம்?

“நான்தான் சொன்னேனே” என்றார் இவர். ஜெயித்த முகம்.

ஆட்டத்தை நிறுத்த சாஃப்ட்வேர் இருக்கிறதாம். கல்யாண வீடியோ எடுக்கும் செல்வத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவரிடம் இரண்டு இருந்தன.

“எது நல்லதுங்க தம்பி?”

“ரெண்டும் நல்லதுதான்க்கா. இது ஒரே கிளிக்கு, அதுவே எல்லாம் பாத்துக்கும். அது கொஞ்சம் மெனக்கெடணும். ஏதாவது ஒரு புள்ளியக் காட்டுனா, அத அசையாமப் புடிச்சுக்கும்.”

ஒரே கிளிக்கில் போட்டுக் காட்டினார். சுவரும் குழந்தையும் பாயசம் போலக் குழைந்தார்கள். சரி, மெனக்கெடுகிறதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சி.டி. கைக்கு வந்தது. அடடா! ஹரிணி ரயிலில் வருகிறவள் போல வழுக்கிக்கொண்டு வந்தாள். “பாத்தியா? இதுக்கா இவ்ளோ அலைஞ்ச?” என்றார் இவர்.

டாக்டர் முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. “நல்லாத்தானேம்மா நடக்குறா? முதல் குழந்தையா? அப்படித்தான் தோணும்” என்றார் என்னிடம். பிறகு இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. இவரும் பதிலுக்கு ஒரு சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சி.டி.யை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ?

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன். மறுபடியும். குழந்தையையே பார்த்து அலுத்து, அவளுக்குப் பின்னால் பார்த்தேன். குழாய்! அது மேலே போகிறது, கீழே வருகிறது. ஹரிணி இடது காலை ஊன்றும்போதெல்லாம் மேலே போகிறது. வலது காலுக்குச் சும்மா இருக்கிறது. ஏங்க, என் கைக்கு இடது வலது பார்த்து நடுங்கத் தெரியுமா?

செல்வத்திடம் ஓடினேன். திரையில் விக்கிரமங்கலத்து வளைகாப்பு வீடியோ ஒன்று பாதியில் நின்றிருந்தது.

“தம்பி, எந்தப் புள்ளியக் காட்டுனீங்க?”

“பாப்பா நெத்திப் பொட்டுதான்க்கா. நல்லா பெருசா, கருப்பா... சிக்குனு புடிச்சுக்கிச்சு.”

“அப்ப அவ தலை ஆடுனா?”

“ஆடவே ஆடாதுக்கா! அதுக்குப் பதிலா பின்னாடி இருக்கறதெல்லாம் ஆடும். கல்யாணத்துல பொண்ணு மூஞ்சிதானே முக்கியம்? பின்னாடி யாரு பாக்குறா?”

“நான் பாக்குறேன்! சுவரு நொண்டுது தம்பி!”

ஆல்பம் வாங்க வந்த குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பொட்டை விட்டுவிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொன்னேன்.

“குழாய நிறுத்துனா பாப்பா ஆடுமேக்கா. பாக்க நல்லாருக்காது.”

“நல்லா இருக்க வேணாம். இருக்குற மாதிரி இருக்கட்டும்.”

இப்போது குழாய் நின்றது. சுவர் நின்றது. என் பெண் மட்டும் இடது காலை ஊன்றும்போதெல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிந்து சரிந்து வந்தாள். செல்வம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். நானும்தான்.

ஒன்று கேட்கிறேன். ஒரு ஆண் தன் பைக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்றால், “உங்க காதுதான் சார் சரியில்லை” என்று எந்த மெக்கானிக்காவது சொல்வாரா? உடனே வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவார். ஒரு அம்மா தன் குழந்தையிடம் ஏதோ சரியில்லை என்றால் மட்டும், எல்லோரும் சேர்ந்து முதலில் அம்மாவைத்தான் ரிப்பேர் பார்க்கிறார்கள். இதில் படித்தவர், படிக்காதவர் பேதமே கிடையாது.

இந்த முறை டாக்டர் கடைசிவரை பார்த்தார். ஹரிணி அழ அழ, படுக்க வைத்துக் கால்களை விரித்துப் பார்த்தார். இடது கால் பாதிக்கு மேல் விரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. திருச்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்றார்.

நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. சந்தோஷமா எனக்கு? எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அழுதேன். என் கைதான் ஆடியது என்றே முடிந்திருக்கக் கூடாதா?

ஆனாலும் சொல்கிறேன், உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேளுங்கள். சிரித்தால் இன்னொரு முறை கேளுங்கள். தப்பாகப் போனால் போகட்டும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே?

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் இவர் தா.பழூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். “ஆமாண்ணே... டாக்டரே முதல்ல பாக்கலை. நாங்க விடலையே! நாங்கதான் கண்டுபுடிச்சோம்.”

நாங்களாம்!