வாயாடி வாயை மூடிய கதை

அந்தச் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிடப் பேச்சுக் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். கத்தரி ஒரு பக்கம் ஓடும். கடைக்காரர் வாய் அதற்கு முன்னால் ஓடும். தெருவே அவருக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தது. அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் வீட்டு வாசற்படியை மிதித்துவிட்டால் மனிதர் ஊமை. தன் வாய்தான் மகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

மகளுக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே ஆஸ்துமா. மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினால், இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யார் அவுட் என்று சொல்லுவாள். அதுதான் அவளுக்கு விளையாட்டு. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் மூச்சு முட்டினால், ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வாள். அந்தப் பிள்ளைக்கு அப்பா சொல்லும் சலூன் கதைதான் உயிர். ஒருநாள் சாயங்காலம், நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கிய ஆள் திடுக்கிட்டு எழுந்து, "கண்டக்டர், என் ஸ்டாப் போயிடுச்சா?" என்று கேட்டதை நடித்துக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று, உதடு நீலம் பாரித்துவிட்டது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "சிரிச்சா சில பிள்ளைங்களுக்கு இழுப்பு வரும். அதுக்காகச் சிரிக்க வைக்காம இருந்துடாதீங்க. தினமும் போட வேண்டிய இன்ஹேலரை மட்டும் விடாம குடுங்க." பாவி மனுஷன் காதில் முதலில் சொன்னது மட்டும்தான் விழுந்தது!

அன்றிலிருந்து வீட்டில் "சாப்டியா, மருந்து போட்டியா" என்ற இரண்டே கேள்விதான். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள்.

"பிள்ளை உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. ஏதாவது பேசுங்களேன்."

"பேசி அவளைக் கொல்லச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார்.

ஒரு விடுமுறை மத்தியானம், சாப்பாடு கொண்டுவந்த மனைவி மகளையும் கடைக்கு அழைத்து வந்தாள். உள்ளே வாயாடியின் கச்சேரி. கடையே சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மகள் முகம் தெரிந்ததும் கதை பாதியில் நின்றுவிட்டது. அவள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, என் மேல கோவமா? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வெச்சேனே, அதுக்கா?"

"ஐயோ, இல்லடா கண்ணு..." கத்தரியை வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"நான் இப்ப சத்தமே போடாம சிரிப்பேன்பா. ஜன்னல்கிட்ட உக்காந்து பழகிட்டேன். சொல்லுங்க."

சொல்லாமல் என்ன செய்வார்? அந்தக் கண்டக்டர் கதையையே மறுபடி சொன்னார். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் கையை எடுத்தாள்.

"சத்தம் வரலை, பாத்தீங்களா?"