நிஞ்ஜாக்களின் நிற அரிசி

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. பரவை ஊருக்குப் பக்கத்தில் புதிதாக எழுந்த குடியிருப்பு இது. மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஒருமுறை கைபேசி கெட்டு இரண்டு நாள் பேச முடியாமல் போனது. ஜப்பானில் இகா என்ற ஊரில் வேலை பார்க்கும் என் மகள் பதறிவிட்டாள்.

"ஒங்களுக்கு ஒண்ணு ஆனா யாருப்பா பாப்பாங்க? எதிர்வீட்டு அக்காகிட்டயாவது சொல்லி வைங்க."

என்னவென்று சொல்வது? நான் உயிரோடு இருக்கிறேனா என்று தினமும் எட்டிப் பாருங்கள் என்றா? ஒன்பது நாள் யோசித்தும் வாய் வரவில்லை.

அப்போதுதான் மகள் எப்போதோ அனுப்பிய புத்தகத்தை எடுத்தேன். இகாவும் பக்கத்து மலைநாடான கோகாவும்தான் நிஞ்ஜாக்களின் பூர்விகமாம். கோகாவில் மட்டும் ஐம்பத்து மூன்று குடும்பங்கள். சினிமாவில் காட்டுவதுபோல் கறுப்புடையில் கூரை தாவியவர்கள் அல்லர். ஊரில் பயிர் செய்துகொண்டு, உளவுக்குப் போகும்போது துறவியாகவோ வியாபாரியாகவோ வேடமிட்டவர்கள். அரிசியில் ஐந்து விதமாகச் சாயமேற்றி வழியில் போட்டுத் தங்களுக்குள் சேதி சொல்வார்களாம். சாயமேறிய அரிசியைப் பறவைகள் தொடாதாம். இன்று அவர்களில் மிஞ்சியது அருங்காட்சியகமும், ரயில் பெட்டியின் முகப்பில் வரைந்த நிஞ்ஜாவின் இரண்டு கண்களும்தான் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அரிசி எனக்குப் பிடித்துப்போனது. வாசல் மதில் தூணின் மேல் தினம் ஒரு நிறம். நிறம் மாறாத நாளில் எதிர்வீட்டார் வந்து என் கதவைத் தட்டினால் போதும். ஆனால் நம்மூர்க் காக்கை தின்றுவிட்டால்? அவர்களிடம் சொல்வதற்கு முன் மூன்று நாள் சோதித்துப் பார்க்க நினைத்தேன். முதல் நாள் மஞ்சள் தடவிய இருபத்தொரு அரிசி. மாலையிலும் இருபத்தொன்று. இரண்டாம் நாள் குங்குமம், இரண்டு குறைந்தது. மூன்றாம் நாள் கரி. அன்று அமாவாசை என்பதைக் கவனிக்கவில்லை.

காலை ஆறரை மணிக்கே எதிர்வீட்டு அம்மாள் தெருவில் நின்று கத்தினார்.

"படிச்ச மனுசன் செய்யுற வேலையா சார் இது? மூணு நாளா எங்க வாசலப் பாத்து அரிசி வச்சிருக்கீங்க! எங்க வீட்டுக்காரரு வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்காரு!"

"செய்வினையெல்லாம் இல்லம்மா. ஜப்பான்ல நிஞ்ஜான்னு ஒரு கூட்டம்..."

"ஜப்பான்காரனுக்கு எங்க மேல என்ன சார் கோவம்?"

வேடிக்கை பார்த்தவர்களில் மூன்று பேர் சிரித்தார்கள். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், எனக்கு யாருமில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த அம்மாள் ஒரு வாளி சாணித் தண்ணீரைத் தூணில் ஊற்றிவிட்டுப் போனார்.

அதன்பின் என் வாசலை ஒட்டி யாரும் நடப்பதில்லை. அந்த அம்மாள் மட்டும் மறுபடி அரிசி இருக்கிறதா என்று தினமும் காலையில் வந்து தூணை உற்றுப் பார்க்கிறார். ஜன்னல் வழியாக எண்ணி வருகிறேன். இருபத்து நான்கு நாளில் ஒரு நாளும் தவறவில்லை.

சென்ற வாரம் காய்ச்சலில் எழ முடியவில்லை. எட்டேகாலுக்குக் கதவு இடிபட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

"ஆறு மணிக்கே தொறந்துருவீங்களே? கதவச் சாத்திக்கிட்டு இம்புட்டு நேரம் உள்ள என்ன சார் பண்றீங்க?"

"காய்ச்சல்மா."

என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று இரவு மகள் அழைத்தாள். நான் கதவைத் திறக்காவிட்டால் இரண்டேகால் மணி நேரத்தில் ஆள் வந்துவிடும் என்றேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"அவுங்களே பாத்துக்கிறாங்கம்மா" என்றேன்.