ஆந்தைக்கு முகம் தெரியணுமாம்

கட்டிக்கொண்டவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று என் மாமியார் கண்டிப்பாக இருந்தார். இவர் பெயர் இளவழகன். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போட்டோ ஸ்டூடியோ இவருடையது. கேமராவைப் பிடிப்பது இவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மணப்பெண்ணின் பருவை அழித்து, மாப்பிள்ளையின் தொப்பையை அமுக்கி, ஆல்பம் செய்து கொடுப்பது நான். ஆகவே இவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது.

கல்யாண வீட்டில் இவர் பண்ணும் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். "ஐயரே, கொஞ்சம் தள்ளுங்க. மாலைய ஒதுக்கும்மா. முகம் தெரியணும்." இதுதான் இவருடைய மந்திரம். மேல்மலையனூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் நாத்தனார் தலை குறுக்கே வந்துவிட்டது. இந்த மகராசன் மாப்பிள்ளை போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போடச் சொன்னார். பெண்ணின் அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். இவருக்கு உறைக்கவே இல்லை, படம் தெளிவாக வந்ததே, அது போதும்.

இப்படி இருந்தவருக்கு நாலு வருடம் முன்பு காட்டு ஆசை பிடித்தது. கோட்டையில் கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எடுக்க வந்த சென்னைப் பையன் ஒருவன், "சார், நீங்க வைல்டுலைஃப் பண்ணலாமே" என்று சும்மா சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரமே பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய் ஒரு பேன்ட் வந்தது. அதில் எண்ண முடியாத அளவுக்குப் பைகள், ஒன்றில் முறுக்கு. இன்ஸ்டாகிராமில் 'மலையின் மைந்தன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். மலையின் மைந்தனுக்கு ஸ்டூடியோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். சிங்கவரத்துக்கு மேற்கே ஆடு மாடு தினமும் ஏறி இறங்கும் பாறைக் குன்றுக்குக் கையில் குச்சியோடு போய்விட்டு வந்து, 'ஆபத்தான மலைப் பயணம்' என்று எழுதுவார். அதற்கு முன்னூறு பேர் இதயம் போடுவார்கள்.

போன மாசி மாதம் அந்தக் குன்றில் ஆடு மேய்க்கும் பவுனம்மாள், பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருப்பதாகச் சொன்னாள். இவர் மறுநாளே ஓடினார். அந்த வாரமே படம் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, படம் அருமை. வெள்ளைப் பஞ்சு மாதிரி மூன்று குஞ்சுகள், மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு நேராகப் பார்த்தன.

"மேல் ஓரத்துல வெள்ளையா ஒண்ணு தெரியுது பாரு, அத மட்டும் அழிச்சிடு" என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கை மொத்தத்தில் ஒரு கிளையை வெட்டிய இடம். பால் இன்னும் காயவில்லை.

"இன்னாங்க இது?"

"இச்சி மரக் கிளை. குறுக்கால வந்து மறைச்சிது. ஆந்தைக்கு முகம் தெரியணும் இல்ல?"

எங்கள் ஊர்ப் பாறை பத்து மணிக்கே கால் வைக்க முடியாமல் கொதிக்கும் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இடுக்குக்கு இருந்த ஒரே நிழலைக் கல்யாணப் பெண்ணின் மாலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார். அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதே வண்டியை எடுக்கச் சொல்லி, ஒரு பழைய சாக்கையாவது மேலே கட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

சாக்குக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்தபடி காய்ந்து கிடந்தன, கண்ணில் எறும்பு. மூன்றாவதைக் காணவே இல்லை. இவர் பெருமூச்சு விட்டபடி, "நல்ல வேளை, அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றார்.

வெட்டு தெரியாதபடி ஓரத்தை இவரே நறுக்கி, விழுப்புரத்தில் நடந்த படப் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு. கேட்டதும் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "மேடையில உண்மையச் சொல்லிடுங்க. கேக்கறவங்க யாரும் இனிமே கிளைய வெட்ட மாட்டாங்க. சொன்னீங்கன்னா நானும் இத மறந்துடறேன்." சொல்கிறேன் என்று சாமி படத்துக்கு முன்னால் தலையாட்டினார். நானும் நம்பிப் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் பொன்னாடையோடு, பொறுமை பற்றியும் இயற்கையின் மீது தனக்குள்ள பாசம் பற்றியும் பேசினார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "குஞ்சுங்க இப்ப பறந்துடுச்சா சார்?"

"பறந்துடுச்சுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எழுந்து நின்றேன். "பறக்கல. செத்துப் போச்சு. வெயில்ல காஞ்சி செத்துப் போச்சு."

அடுத்த வார்த்தையை நான் எடுப்பதற்குள் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் சுந்தரமூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? பூமி சூடாகுதுன்னு சொன்னா எவன் கேக்கறான்? அந்த வேதனைய வெளிய சொல்ல முடியாம நம்ம தம்பி மறைச்சிருக்காரு!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இவர் உடனே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கிளை, வெட்டு என்று நான் கத்தியது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. பூமி வெப்பம் பற்றிப் பேச இரண்டு பள்ளிக்கூடங்கள் அங்கேயே இவரை அழைத்தன.

திரும்பி வரும்போது வண்டியில் சொல்கிறார்: "நல்ல நேரத்துல எடுத்துக் கொடுத்த கவிதா. எனக்கு அது தோணவே இல்ல."

செஞ்சி எல்லையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "வெயில் கொல்லல. நீதான் கொன்ன" என்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நீ என்று சொன்னேன். அழுகையை அடக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ராஜகிரிக் கோட்டை மலை மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

இவர் பையைத் திறந்தார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அப்படியே நில்லு, கண்ணத் தொடைக்காத" என்றார்.