ஏகாதசி உப்புமா

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இப்போதும் அப்படித்தான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இன்னும் மோசம். ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிடுவேன், பதில் தெரியாவிட்டாலும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். புனேயில் எங்கள் வீட்டுக்கு அப்படி வருகிறவர் போகிறவர் யாரும் கிடையாது என்பதால் மாமாவிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வீடு மகர்பட்டாவில், அப்பாவுக்கு வேலை ஹிஞ்சேவாடியில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கம்பெனி வண்டியில் போய்த் திரும்புவதிலேயே அவருடைய பொழுது போய்விடும். மாமா அம்மாவின் தம்பி. சாகணில் ஒரு கார்த் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டு, என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு இந்தி வராது, மராத்தி சுத்தமாக வராது. லிஃப்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரித்துவைத்துவிட்டு, தளம் வருவதற்கு முன்பே கதவுப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நான் நேர் எதிர். எங்கள் பள்ளியில் ஜூன் மாதம் மாணவர் மன்றத் தேர்தல் நடக்கும். விளையாட்டு அணி, கலை அணி, ஒழுங்கு அணி, சமூக சேவை அணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். சமூக சேவைக்கு நானும் சாயலி என்ற மராத்திப் பெண்ணும் நின்றோம். சாயலி அதிகம் பேசமாட்டாள். நான் மேடையேறி, இந்த ஊரையே மாற்றிக்காட்டுகிறேன் என்ற ரீதியில் ஓட்டை இந்தியில் முழங்கினேன். இருவருக்கும் சமமாக ஓட்டு விழுந்தது. மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்த பூகோள ஆசிரியர் யோசித்துவிட்டு பேட்ஜை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, பல்லக்கு போய் முடியும்வரை உன்னிடம் இருக்கட்டும், அதற்கப்புறம் யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்க்கலாம் என்றார்.

பல்லக்கு என்றால் பண்டரிபுரம் பல்லக்கு. ஒவ்வொரு வருஷமும் மழை தொடங்கும் சமயத்தில், ஞானிகளின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்தே போவார்கள். வார்க்கரிகள் என்று பெயர். அவர்கள் புனேயில் தங்கிவிட்டுக் கிளம்பும் வழி எங்கள் பள்ளி வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. வாசலில் பந்தல் போட்டு அவர்களுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுப்பது சமூக சேவை அணியின் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு.

தண்ணீரும் வாழைப்பழமும் எனக்குப் போதவில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் அதை. நான் தலைவியான வருஷம் என்று எல்லோரும் பின்னால் பேச வேண்டாமா? அம்மாவிடம் போய் நின்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்று அவள் கேட்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பல்லக்கு எங்கள் வாசலைக் கடக்கும் நாள் ஏகாதசி. அம்மா காரமடைப் பக்கத்துக்காரி. ரங்கநாதரை நினைத்து மாதம் இரண்டு ஏகாதசியும் விடாமல் விரதம் இருப்பவள். இந்த ஊரில் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று முதல் தடவையாக அகப்பட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அன்னிக்கு அரிசி ஆகாது கண்ணு. ரவை உப்புமாவாக் கிண்டிப்போடலாம். வெங்காயம் போடாம," என்றாள்.

மறுநாள் ஆசிரியரிடம் ஓடினேன். ஏகாதசிக்கு ஏற்ற சாப்பாடாக அம்மா செய்து தருவாள், அவளே அன்றைக்கு விரதம் என்று சொன்னேன். மதராஸிகள் வீட்டிலும் ஏகாதசி உண்டா என்று வியந்து அவர் சம்மதித்தார். என்ன சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. ஏகாதசிச் சாப்பாடு என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும், எனக்கும் ஒன்றுதான் தெரியும். இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அன்று காலை அம்மா விடியும் முன்பே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். வாடகைக்கு எடுத்த அண்டாக்கள், முந்திரி, இஞ்சி, வீடு முழுக்க நெய் வாசனை. லீவு போட்டுவிட்டு வந்த மாமா அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ஏனக்கா, பண்டரிபுரத்துல இருக்கற சாமிக்கும் சேர்த்துக் கிண்டிட்டயா?"

"பசியோட நடக்கறவங்களுக்கு அளந்தா கிண்டுவாங்க? தூக்குடா," என்றாள் அம்மா. பச்சைத் தண்ணீர்கூட அவள் குடித்திருக்கவில்லை. வழிநடக்கிறவர்கள் சாப்பிட்ட பிறகு தனக்கும் ஒரு கரண்டி என்று முடிவு செய்திருந்தாள்.

நான் யூனிஃபார்மில் பேட்ஜைக் குத்தி, கழற்றி, நேராக்கி மறுபடி குத்தினேன். மாமா காரில் ஏறும்வரை என்னைத் தலைவர் அவர்களே என்றுதான் கூப்பிட்டார்.

பந்தலில் ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்ன நடந்தாலும் தலைவி மேஜையை விட்டு நகரக் கூடாது. ஓடுவதற்கும் கொண்டுவருவதற்கும் மற்றவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுக் குறுக்குத் தெருவில் இருந்த இன்னொரு தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விட்டார். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது. ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றேன். தட்டுகளை அடுக்கினேன், கலைத்து அடுக்கினேன். தூறல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தூரத்தில் தாளச் சத்தம் கேட்பதும் காற்றில் கரைவதுமாக இருந்தது. கடைசியில் காவிக் கொடிகள் தெரிந்தபோது பேட்ஜை இன்னொரு தடவை நேராக்கிக்கொண்டேன்.

வெள்ளைக் குல்லா, வெள்ளை வேட்டி, கழுத்தில் தாளம், பாட்டு. சாலையே நகர்ந்து வருவது போலிருந்தது. அம்மா முதல் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். ஒரு பெரியவர் நின்று தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கைகூப்பி "மாவுலி", அதாவது தாயே, என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஆனால் தட்டை எடுக்கவில்லை. வாழைப்பழம் போகிறது, தண்ணீர் போகிறது, உப்புமாவை யாரும் தொடவில்லை. கும்பிட்டு மறுப்பவர்களை என்ன செய்வது? திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சாயலி வந்து அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள். ரவை கோதுமையில்லையா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இங்கே உபவாசத்தில் அரிசியும் கிடையாது, கோதுமையும் கிடையாது. ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு இந்த மாதிரிதான். மஞ்சள்கூட ஆகாது என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பேட்ஜ் போயிற்று என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தட்டை இறக்கவே இல்லை. யாராவது ஒருத்தர் விரதம் இல்லாதவர் இருக்க மாட்டாரா என்று நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொருவரும் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளும் தட்டோடு தலையைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். போதும், உள்ளே போய்விடேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்போது ஒரு பெண், அம்மா வயதுதான் இருக்கும், தலையில் சின்னத் துளசி மாடம் ஒன்றைச் சுமந்தபடி எங்கள் பந்தலில் ஒதுங்கினாள். செருப்புக்குள் கல் போலிருக்கிறது. மாடத்தை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பை உதறினாள். உப்புமாவைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து "ஜேவலாத் கா, மாவுலி?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அம்மாவுக்கு எது புரிந்ததோ, "உபவாஸ்" என்றாள்.

அந்தப் பெண் புடவைத் தலைப்பில் முடிந்திருந்த ஓர் உருண்டையை எடுத்தாள். கீரை விதையைப் பொரித்து வெல்லப் பாகில் பிடித்த ராஜ்கிரா லட்டு. அதையும் இவர்கள் விரதத்தில் சாப்பிடலாம். அதை இரண்டாக உடைத்துப் பாதியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் வேகமாகத் தலையாட்டினேன். நாம் கொடுக்க வந்தவர்கள். பந்தல் போட்டவர்களே வழிப்போக்கரிடம் கைநீட்டி வாங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போதாததற்கு எதிர்ச் சாரியிலிருந்து ஆசிரியர் எங்களையே பார்த்தபடி கூட்டத்தைக் கடக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அம்மா அதை வாங்கி, நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு வாழைப்பழச் சீப்புகளைப் பிய்த்தேன். மறுபடி திரும்பியபோது அம்மாவும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, துளசி மாடமும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே, எங்கோ தள்ளி, அம்மாவின் நீலப் புடவையும் அதற்கு மேல் துளசிச் செடியும் போய்க்கொண்டிருந்தன.

நான் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, உன் அம்மா பண்டரிபுரம் கிளம்பிவிட்டாள், இனி இந்த அண்டாவெல்லாம் நம் தலையில்தான் என்றார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் போன் மாமாவின் காரில் இருந்தது. வழி கேட்கக்கூட அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம், என்னைப்போல் ஓட அங்கே யாராலும் முடியாது. ஆனால் மேஜையை விட்டு நகரக் கூடாது. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் நின்றதே இல்லை.

பாட்டுச் சத்தம் தேய்ந்து, ஊர்வலத்தின் வால் போன பின்னால், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பமும் கூடையுமாக வந்தார்கள். இவர்களுக்கும் ஏகாதசியா என்று கேள் என்று மாமா சாயலியை அனுப்பினார். சிலருக்கு விரதம், பலருக்கு இல்லை. சாயலி அவர்களைப் பந்தலுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தாள். ஆறிப்போன உப்புமாவை அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆசிரியர் வந்து சேர்ந்தபோது அண்டாவைச் சுரண்டும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கும் பிறகு அம்மா வந்தாள். நனைந்து, முந்தானை பிழியும்படியாக, நெற்றியில் வார்க்கரிகள் வைக்கும் கறுப்புப் பொட்டுடன், யாரிடமும் வழி கேட்காமல் சாலையோரமாகவே நடந்து வந்தாள். ஆசிரியரைப் பார்த்ததும் சிரித்துவைத்தாள். அவர் பதிலுக்குக் கைகூப்பினார். நான்தான் எகிறினேன்.

"அந்தம்மாவுக்குக் கழுத்து வலி கண்ணு. சித்தெ தூரம் நான் சொமந்துட்டுப் போனேன். பேசிட்டே போனமா, தூரம் தெரியல."

"என்ன பேசினீங்க?"

"அவுங்க பொண்ணப் பத்தி. கட்டிக் குடுத்த எடம் சரியில்லயாமா."

"உனக்குத்தான் மராத்தி தெரியாதே."

"தெரியாது," என்றாள் அம்மா.

மறுநாள் பூகோள ஆசிரியர் என்னை அழைத்தார். நான் பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே போனேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீயே வைத்துக்கொள், சாயலியைக் கேட்டுக்கொண்டு செய் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. துப்புரவுத் தொழிலாளர்கள் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் மனம் மாறிவிட்டார் என்று உடனே முடிவு செய்துகொண்டேன். கதவுவரை வந்தவளைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் உன் அம்மாவைக் கட்டாயம் அழைத்து வா என்றார். சரி சார், அடுத்த தடவை ஜவ்வரிசிதான் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், வெறுங்கையோடு வரச் சொல் என்றார்.

சுருக்கென்றது. விடிவதற்கு முன்னால் எழுந்து, வெறும் வயிற்றோடு நின்று கிண்டியவளைப் பார்த்து ஒரு ஆசிரியர் இப்படியா சொல்வார்? இனிமேல் நீ சமைத்துக் கிழித்தது போதும் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று வீடு வரும்வரை குமுறிக்கொண்டே வந்தேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக் கோபப்படுவாள், இல்லாவிட்டால் கண்ணாவது கலங்கும் என்று பார்த்தேன். அவள் சிரித்தாள். சோப்பு நுரையோடு இருந்த கையை விரித்துப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள்.

"சரீன்னு சொல்லிப்போடு கண்ணு. வெறுங்கையோடவே வரேன்னு உன்ற சாருகிட்டச் சொல்லு."

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெண் பாதி லட்டு கொடுத்ததும் அவமானம், சார் சொன்னதும் அவமானம், ஒன்றுகூட இவளுக்குப் புரியவில்லையே என்று இருந்தது. பாஷை தெரியாத அம்மாவுக்கும் சேர்த்து, பேட்ஜைக் குத்திக்கொண்டு, நான் வெகுநேரம் அழுதேன்.