காதுக்காரியும் ஒரு வேணாமும்

முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். காது கேட்கும் கருவி பொருத்துகிறவள், பழுது பார்க்கிறவள் என்றெல்லாம் சொன்னால் நீளம். அங்கே இருப்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாதம் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். அழுக்கை எடுப்பாள், பேட்டரி மாற்றுவாள். “ஒரு மண்ணும் கேக்கல” என்று சண்டைக்கு வருகிறவரிடம், “ஸ்விட்சே போடலையே ஐயா” என்று சிரிக்காமல் சொல்வாள்.

முன்பெல்லாம் வேடிக்கைக்காகத்தான் சிரிக்காமல் இருந்தாள். கணவர் இறந்த பிறகு நிஜமாகவே சிரிப்பு வருவதில்லை. மகள் “என்கூட வந்து இரும்மா” என்றால் வேணாம். தங்கை டீ போட்டு நீட்டினால் வேணாம். அந்த ஒரு சொல்லை எடுத்து வீசிவிட்டால் ஆளை நிம்மதியாக விட்டுவிடுவார்கள்.

போன வாரம் தன் கடையை ஒட்டி மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்காரரிடமும் அதையேதான் வீசினாள். ஒரே வாசல், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் காது, அந்தப் பக்கம் கண். கணவரின் சிநேகிதர் அவர். லென்ஸ் துடைத்துத் துடைத்தே கல்யாண வயதைத் தாண்டிவிட்டவர். வருடக்கணக்காக “அண்ணி, அண்ணி” என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், கொஞ்ச நாளாக அந்த அண்ணியை எங்கேயோ தொலைத்துவிட்டு, “வந்து... இந்தாங்க...” என்று தடுமாறினார். கடைசியில் போன வாரம் தடுப்பு ஓரமாக நின்று, “மீதி நாளைச் சேர்ந்தே ஓட்டிடலாமான்னு ஒரு யோசனை” என்றார்.

“வேணாம்” என்றாள்.

அவர் முகம் சுளிக்கவில்லை. “சரிங்க. ஆனா கேட்டுட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தா உங்களுக்குத்தான் சங்கடம். தம்பி ஊருக்கே போயிடறேன், அங்க ஒரு கடை காலியா இருக்கு” என்றார். மறுநாளே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார். இன்று மதியம் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அப்படிக் கேட்பதே செத்தவருக்குச் செய்கிற துரோகம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த மனநிலையோடுதான் இன்று காலை இல்லத்துக்கு வந்தாள்.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கருவியைப் பொருத்தியதும் யாராவது நீளமாகப் பேச வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பாள். பேசச் சொன்னால் அங்கே எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் தங்கள் இளவயதுப் போர்க்காலத்துக்கே போய்விடுவார்கள். அதிலும் காதல்தான். ரேஷன் வரிசையில் தன் முறை வரும்போதெல்லாம், “நீங்க முன்னாடி போங்க” என்று யாருக்காவது இடத்தை விட்டுவிட்டு, வரிசைக் கடைசியில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றவர் ஒருவர், இன்றும் அதைச் சொன்னார். “அரிசி வாங்காமலே திரும்புவேன், வீட்ல எல்லாரும் பட்டினி. எங்கம்மா விளக்குமாத்தை எடுத்துட்டாங்க. ஆனா இவ கிடைச்சாளே!” பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்த ‘இவ’, “ஆமா, பெரிய சாதனை” என்றாள்.

காதுக்காரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கே ஒரு வயதான தம்பதி. மனிதருக்குப் புதுக் கருவி. மனைவியை ஜன்னல் பக்கம் போய் நின்று பேசச் சொன்னாள்.

“என்ன பேசறது?”

“அவருக்குத் தெரியாத ஏதாவது சொல்லுங்கம்மா. தெரிஞ்ச பேச்சுன்னா காதுல விழாமலே தலையாட்டிடுவாங்க.”

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

“ஏங்க, அன்னிக்குப் பதுங்குகுழில வெச்சு, ‘நான் உனக்கு வேணுமா, வேணாமா’ன்னு கேட்டீங்கல்ல? நான் வேணாம்னுதான் சொன்னேன். முதல்ல எனக்குப் பேசி வெச்சிருந்தவர் சண்டையில செத்துப் போய் அப்பத்தான் கொஞ்ச நாள் ஆகியிருந்துச்சு. எனக்கு மனசே இல்ல. மேல குண்டு விழற சத்தத்துல உங்களுக்கு ‘வேணும்’னு கேட்டுடுச்சு. வெளிய வந்ததும் நேரா எங்கப்பாகிட்டப் போய், உங்க பொண்ணு சரின்னுட்டான்னு நின்னீங்க. மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. இத்தனை வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்.”

காதுக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கருவியைச் சோதிக்கப் போய்க் குடும்பத்தில் குழப்பம் பண்ணிவிட்டோமே என்று நினைத்தாள். பெரியவர் காதைத் தடவிக்கொண்டார்.

“தெளிவா கேக்குது” என்றார். “அன்னிக்கும் தெளிவாத்தான் கேட்டுச்சு. அப்ப எனக்குப் பாம்புக் காதுடி.”

அம்மாள் சட்டென்று திரும்பினாள். “கேட்டுச்சா? பின்ன எதுக்கு அப்பாகிட்டப் போனீங்க?”

“வேணாம்னு சொன்னே. சொல்லிட்டு என் சட்டைக் கையைப் பிடிச்சவ விடவே இல்லையே! குண்டு நின்னு எல்லாரும் மேல ஏறிப் போயாச்சு, அப்பவும் விடல. நான் எதை நம்பறது, சொல்லு?”

“அது பயத்துல பிடிச்சது.”

“எனக்கும்தான் பயம்.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. “கள்ளன், அழுத்தக்காரன்” என்று பெரியவரைத் திட்டினாள். அவர் சுகமாகத் திட்டு வாங்கிக்கொண்டு, “சத்தம் கொஞ்சம் அதிகம், குறைச்சு வைம்மா” என்றார்.

குறைத்துவிட்டுப் பையைக் கட்டும்போது காதுக்காரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அம்மா, முதல்ல இருந்தவரை... அப்புறம் மறந்துட்டீங்களா?”

“மறக்கறதாவது! இவருக்கும் அவர் சிநேகிதர்தானே. அவர் பேரைத்தான் எங்க மூத்தவனுக்கு இவரே வெச்சாரு. நினைப்பு வந்தா இவர் தோள்ல சாஞ்சுதான் அழுவேன். வேற யாருக்கு அவரைத் தெரியும்?”

தெருவில் இறங்கியவள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தாள். கடை வாசலில் சாமான் வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பாதிப் பெட்டிகள் ஏறிவிட்டன. கண்ணாடிக்காரர் ஸ்டூலில் ஏறி, கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் போயிட்டா அவரைப் பத்தி நான் யார்கிட்டப் பேசறது?” என்றாள். மூச்சு வாங்கியது.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். “நானும் யார்கிட்டயும் பேசல” என்றார். “பேசினா நீங்க உடைஞ்சிடுவீங்கன்னு பயம். கடன் வாங்கின சைக்கிள்ல அவர் என்னை வெச்சுட்டுப் போய் மீன்கூடைல விட்டாரே, தெரியுமா? மீன்காரிகிட்ட, ‘வண்டி ஓட்டினது இவன்’னு என்னைக் கை காட்டிட்டு ஓடிட்டாரு.”

“என்கிட்ட நீங்கதான் ஓட்டினதா சொன்னாரே!”

“சொல்லுவாரு, சொல்லாம!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ மக்கர் பண்ணிக் கிடந்த சிரிப்பு, விக்கலாக, பிறகு அழுகையாக வந்தது. தடுப்புப் பலகையில் தலையைச் சாய்த்து, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதாள். அவர் லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றை எடுத்து நீட்டினார், அதிலேயே மூக்கைச் சிந்தினாள்.

“கல்யாணப் பேச்செல்லாம் இப்ப என்னால முடியாது” என்றாள்.

“சரி.”

“எப்ப முடியும்னும் தெரியல.”

“சரிங்க.”

வண்டிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். “மீதியையும் ஏத்திடலாமா சார்? நேரமாகுது.”

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார்.

“இறக்குங்க” என்றாள் காதுக்காரி. “ஏத்தினதையும் இறக்குங்க.”